சுரைக்காய் பிஸ்கோத்தும் ஒரு பிடி அரிசி மாவும்

எங்கள் வீட்டில் பேப்பர் படிப்பது அவர் வேலை, கேட்பது என் வேலை. கல்யாணமாகி வந்த நாள் முதல் அப்படித்தான். காலையில் டீத் தம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் சத்தமாகப் படிப்பார். நான் சமையல்கட்டில் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். பிடிக்காத சேதி வந்தால், "அது வாணாம், தாண்டிப் போங்க" என்பேன். தாண்டிப் போய்விடுவார்.

அதற்காக எனக்கு எழுத்தே தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. மகளிர் குழுவில் சேர்ந்த அன்று கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். வைக்க மாட்டேன் என்று எழுந்து வந்து, ஒரு மாதம் எழுதிப் பழகி, கையெழுத்துப் போட்டுத்தான் சேர்ந்தேன். பஸ் போர்டு படிப்பேன். கல்யாணப் பத்திரிகை படிப்பேன். இதையும் நானேதான் எழுதுகிறேன், ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வீதம். யார் துரத்துகிறார்கள்? ஆனால் பேப்பர் எழுத்து மட்டும் கடுகைக் கொட்டினது மாதிரி இருக்கிறது. ஒரு வரியைப் பிடிப்பதற்குள் அடுத்த வரி ஓடிவிடுகிறது.

போன வருஷம் ஆவணி மாதம். சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுத்து மொட்டை மாடியில் காயப்போடுகிற நேரம். "கனமழை பெய்யும்னு போட்டுக்கீறான்" என்று அவர் படித்தார். நான் நெல்லைக் கொட்டவில்லை, மூட்டையிலேயே விட்டுவிட்டேன். அன்றைக்கு அடித்த வெயிலில் காக்காய்கூட வெளியே வரவில்லை. மறுநாள், "வெயில் கொளுத்துமாம்" என்றார். நம்பிக் கொட்டினேன். மத்தியானம் ஊற்றிய மழையில் நெல் மிதந்தது. மூன்றாம் நாள் காலை அவர் படித்துக்கொண்டிருக்கும்போது சத்தம் போடாமல் பக்கத்தில் போய் நின்றேன். பேப்பரில் ஒரு கார் படம் இருந்தது. கார் சக்கரம் நாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எத்தினி நாளா இது?" என்றேன்.

"எது?"

"பேப்பர தலகீழா பிடிச்சிக்கினு படிக்கிறது."

அவர் மெதுவாகப் பேப்பரை மடித்தார். "ரெண்டு மாசமா எழுத்து தெர்ல. எல்லாம் பனி மூடின மாரி கீது. நீ கேட்டுக்கினு இருக்கறியேன்னு வாய்க்கு வந்தத உட்டுக்கினு இருந்தேன்."

"ஊத்துக்கோட்ட பக்கம் பசு மூணு கன்னு போட்டுச்சுன்னு படிச்சீங்களே?"

"அதுவும்தான்."

அந்தப் பசுவை நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

மறுநாள் நானே பேப்பரை எடுத்து அவருக்குப் படித்துக் காட்டலாமென்று உட்கார்ந்தேன். ஒரு தலைப்பை எழுத்துக் கூட்டி முடித்தபோது அவருடைய டீ ஆறிப்போயிருந்தது. "உடும்மே, நீ முடிக்கிறதுக்குள்ள நாளைய பேப்பர் வந்துடும்" என்றார்.

திருவள்ளூரில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஊர் கவரைப்பேட்டையிலிருந்து பெரியபாளையம் போய் அங்கே பஸ் மாறவேண்டும். டாக்டர் ஒரு சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்து, விரலைக் குத்திச் சர்க்கரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன் பண்ணா நல்லா தெரியும். ஆனா சக்கரை இவ்ளோ இருந்தா நான் கை வைக்க மாட்டேன், புண்ணு ஆறாது. சாப்பிட்டுட்டு எடுத்தா இருநூறுக்குள்ள வரணும். வந்தப்புறம் வாங்க" என்றார்.

அன்றைக்கு அமாவாசை. திருவள்ளூர்க் கோயில் குளத்தில் அமாவாசையன்று வெல்லம் கரைத்தால் உடம்பில் இருக்கிற நோயும் கரைந்து போகும் என்று ஊர் ஊராக வருவார்கள். நானும் வெல்லம் வாங்கி அவர் கையில் கொடுத்தேன். படியில் நின்று தண்ணீரில் விட்டார், கண்ணை மூடிக் கும்பிட்டார், வெகுநேரம் வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது.

"வாயத் தொறங்க."

ஒரு துண்டு உள்ளே கரைந்துகொண்டிருந்தது. "பிரசாதம்" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு இருநூறுக்குள் எப்படி வரும்? சோற்றைக் குறைத்தார், அதில் குறை சொல்ல முடியாது. டீயில் சர்க்கரையை நிறுத்தினார். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு நடந்து போய், டீயில் ஒரு பாக்கெட் பிஸ்கோத்தைத் தோய்த்துத் தின்றுவிட்டு வருவார். கண் தெரியாவிட்டாலும் அந்த வழி மட்டும் அவர் காலுக்குத் தெரியும்.

என் மருமகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரப்பர் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறாள். காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். என் மகனுக்குக் காட்டுப்பள்ளியில் துறைமுக வேலை. ஷிப்டு மாறி மாறி வருவதால் அவன் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். வீட்டில் பேச்சுத் துணை எனக்கு அவள்தான், சண்டைத் துணையும் அவள்தான். அவள் சொன்னாள்: "அத்தை, மாமாவ நிறுத்த முடியாது. பிஸ்கோத்த மாத்திடலாம்."

அடுத்த வாரம் ஒரு ஓவன் வந்து இறங்கியது. கிரைண்டருக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். கூடவே ஒரு தராசு, உள்ளங்கை அகலம். வறுத்த வேர்க்கடலையை எண்ணெய் விடாமல் பொடித்த மாவு, கொஞ்சம் நெய், சர்க்கரைக்குப் பதில் சீனித்துளசி இலைப் பொடி, ஏலக்காய். அதோடு சுரைக்காயைத் துருவிப் பிழிந்து போடவேண்டும், முருங்கைக்கீரையை ஆய்ந்து பொடியாக அரிந்து போடவேண்டும் என்றாள்.

"சுரைக்காய நான் கூட்டு வெப்பேன், மோர்க்கொழம்பு வெப்பேன். பிஸ்கோத்துல போடறதுக்கு அது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றேன்.

"கார்ப் கம்மி அத்தை. மாவுச்சத்து இல்லாம, சக்கரை இல்லாம, வயிறு நெறையணும். அதுக்குத்தான் காய்."

காலையில் பஸ் வருவதற்கு முன் எல்லாவற்றையும் கிராம் கணக்கில் நிறுத்து, தனித்தனி டப்பாவில் மூடி வைத்துவிட்டுப் போவாள். மத்தியானம் நான் பிசைந்து, தட்டி, ஓவனில் வைப்பேன். சாயங்காலம் வந்ததும் முகம்கூடக் கழுவாமல் வெந்த பிஸ்கோத்தைத் தராசில் நிறுத்து ஒரு அட்டையில் எழுதுவாள். "போட்டது எவ்ளோ, வந்தது எவ்ளோன்னு தெரியணும் அத்தை. கம்பெனில அப்படித்தான்." நான் ஐம்பது வருஷமாக நூறு பேர் பந்திக்குக் கைக்கணக்கில் சமைத்தவள். என் சமையல்கட்டில் எனக்கே ஒரு அட்டை. சரி, எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

முதல் தடவை செய்தது எடுக்கும்போதே உதிர்ந்தது. ஆற்று மணல் மாதிரி தட்டில் பரந்து கிடந்தது. அவர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இத்த டீல தோச்சா டீயே சேறாயிடும். ஸ்பூன் கொடு" என்றார். இரண்டாம் தடவையும் அதே கதை. அன்றைக்கு அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.

மூன்றாம் தடவை மாவைப் பிசைந்துகொண்டிருக்கும்போது என் கண் அரிசி மாவு டப்பா மேல் போனது. எங்கள் கழனி நெல், எங்கள் அரிசி, நானே நனைத்து இடித்துச் சலித்த மாவு. இந்த வீட்டில் கடை அரிசி அடுப்பில் ஏறினதே கிடையாது. எங்கள் அரிசி ஒரு மணிகூட இல்லாமல் இந்த வீட்டில் ஒரு பண்டம் செய்வதாவது! யாரோ ஊரான் வீட்டுப் பண்டம் மாதிரி. ஒரே ஒரு பிடி போட்டேன். மாவு அப்படியே ஒன்றுசேர்ந்து உருண்டையாக வந்து நின்றது. வெந்த பிறகு எடுத்தால் முறுகலாக, உடையாமல், டக்கென்று சத்தம் போட்டது.

அவர் டீயில் தோய்த்துக் கடித்தார். மீதியையும் வாயில் போட்டுக்கொண்டார். "இது பிஸ்கோத்து" என்றார். மறுநாள் டீக்கடைக்குப் போகவில்லை.

மருமகள் கம்பெனிக்கு ஒரு டப்பா கொண்டு போனாள். அங்கே எல்லோரும் கேட்டார்களாம், "உங்க மாமியார் இன்னா போடறாங்க, இவ்ளோ நல்லா நிக்குது?" என்று. அவள் என்னிடம் வந்து சொன்னபோது, "கை பக்குவம்" என்றேன். பொய் இல்லை. கைப்பிடிதானே?

ஒரு பிடி இரண்டு பிடியானது. பொங்கல் நேரத்தில் மூன்று பிடி. அவரும் சர்க்கரை இல்லாத பிஸ்கோத்துதானே என்று நாலு, ஆறு, சில நாள் எட்டு என்று தின்றார். மருமகள் ஒரு நாளைக்கு நாலு என்றுதான் சொல்லியிருந்தாள். நான் தட்டில் நாலு வைத்து, அவர் கையில் நாலு வைப்பேன்.

மாசி மாதம் சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்து அவர் விரலைக் குத்திப் பார்த்தாள். முன்னே இருந்ததைவிட ஏறியிருந்தது. கண் ஆபரேஷனுக்குத் தேதி கேட்கலாமென்று நாங்கள் இருந்த நேரம். அவள் போன பிறகு அவர் வெறுமனே பேப்பரை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "போனா போவுது. பேப்பர்ல இன்னா பெருசா போட்டுடப் போறான்" என்றார். காலையில் அந்தப் பேப்பர் வந்து விழுகிற சத்தத்துக்காக நாலரை மணிக்கே எழுந்து உட்காருகிற மனுஷன் அவர். நான் சமையல்கட்டுக்குள் போய் அரிசி மாவு டப்பாவைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. ஆனாலும் மூன்று பிடி மாவு என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் அட்டைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு தரையில் பரப்பினாள். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்த்தாள். தராசு சரியாக ஒரு கிலோ காட்டியது. பிறகு என்னைக் கூப்பிட்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை, எங்க கம்பெனில ஒரு பழுது வந்தா அஞ்சு தடவ 'ஏன்' கேட்போம். அஞ்சாவது ஏன்ல காரணம் சிக்கிடும். நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. மாமாவுக்கு ஏன் சக்கரை ஏறிச்சு?"

"வயசாச்சு இல்ல?"

"வயசு போன மாசமும் இதேதான். ஏன் இப்போ ஏறிச்சு?"

"பிஸ்கோத்து ஜாஸ்தி துன்னுட்டாரு."

"அதுல சக்கரையும் இல்ல, மாவுச்சத்தும் இல்ல. ஏன் ஏறணும்?"

"உன் தராசக் கேளு."

"கேட்டுட்டேன். அதான் நாலாவது ஏன். ஓவன்ல வெச்சா ஈரம் போயி எடை குறையணும் அத்தை. மொத ரெண்டு தடவ குறைஞ்சுது. அதுக்கப்புறம் நான் காலைல நிறுத்து வெச்சதவிட எடுத்தது ஜாஸ்தியா கீது. ஏன்?"

நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன். வெளியே ஒரு ரயில் போகிற சத்தம் கேட்டது. அது முழுசாகப் போய் முடிகிற வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"ஒரு பிடி அரிசி மாவு போட்டேன்" என்றேன்.

"ஒரு பிடியா? அட்டையப் பாத்தா மூணு பிடி சொல்லுதே."

"என் பிடி சின்னப் பிடி."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்போது நாற்காலியிலிருந்து, "எனக்கு மொத நாளே தெரியும்" என்று ஒரு குரல் வந்தது.

இரண்டு பேரும் திரும்பினோம்.

"நம்ம நெல்லு மாவு வாசன எனக்குத் தெரியாதா? கண்ணுதான் போச்சு, மூக்கு கீது இல்ல?"

"தெரிஞ்சும் ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவா இல்ல?"

மருமகளுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அட்டையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். "பேஜாரு புடிச்ச ஜோடிங்க நீங்க! கம்பெனியா இருந்தா ரெண்டு பேருக்கும் மெமோ கொடுத்து கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிருப்பேன்" என்றாள். பிறகு சிரிப்பு நின்று, மெதுவாக, "மாமாவுக்குக் கண்ணு தெரியணும் அத்தை" என்றாள்.

மருமகளிடம் தப்பு என்று ஒப்புக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை. அரிசி மாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் அவள் அறையில் பீரோ மேல் வைத்துவிட்டு வந்தேன். அவள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கு முதலில் தட்டு வைத்தாள்.

ஆனால் மறுபடி பிஸ்கோத்து உதிர ஆரம்பித்தது. அவர் உதிர்ந்ததை உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டுக்கொண்டார், டீக்கடைப் பேச்சை எடுக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாலைந்து நாள் கழித்துப் பொரியலுக்கு வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தேன். கத்தி விரலோடு ஒட்டியது, விரல் விரலோடு ஒட்டியது. என் பிறந்த வீடு திருத்தணிப் பக்கம், கரும்பு வெட்டி வெல்லம் காய்ச்சுகிற ஊர். கரும்புப் பால் கொதிக்கும்போது வெண்டைச் செடியை நசுக்கிப் போடுவார்கள். அந்தக் கொழகொழப்பு, பாலில் இருக்கிற கசடையெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலே வரும். அவ்வளவு பெரிய கொப்பரையில் கசடைப் பிடிக்கிறது, என் ஒரு குண்டான் கடலை மாவைப் பிடிக்காதா?

பத்து வெண்டைக்காயை அரிந்து கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டேன். துணியில் வடித்தேன். முட்டை வெள்ளை மாதிரி நூல் நூலாக இறங்கியது. அதை ஊற்றிப் பிசைந்தேன். மாவு உருண்டது. தட்டினேன், விரிசல் விடவில்லை. வெந்து எடுத்தேன், ஒன்றுகூட உடையவில்லை. அரிசி மாவு போட்ட முறுகல் இல்லைதான். கொஞ்சம் அழுத்தமாக இருந்தது, ஆனால் டீயில் முழுக்கினால் முழுசாக வெளியே வந்தது.

மருமகள் வந்து ஒன்றைக் கையில் எடுத்து இரண்டாக உடைத்து முகர்ந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய்ப் பீரோ மேல் டப்பா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னா போட்டீங்க?"

"வெண்டிக்கா."

"போன்ல பாத்தீங்களா?"

"வெல்லம் காச்சறவங்க கிட்ட பாத்தேன்."

சர்க்கரை இல்லாத பிஸ்கோத்துக்கு வெல்லக் கொப்பரையிலிருந்து வழி வந்ததே என்று அவளுக்கு ஆச்சரியம். அட்டையையும் பேனாவையும் என் கையில் கொடுத்து, "நீங்களே எழுதுங்க அத்தை" என்றாள். கடலை மாவுக்கும் சுரைக்காய்க்கும் கீழே 'வெண்டைக்காய் பசை' என்று எழுதினேன். எழுத்து கோணல்தான். ஆனால் அந்த அட்டையில் பெரிய எழுத்து என்னுடையதுதான்.

நாலுக்கு மேல் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. கெஞ்சினார், "அஞ்சாவது ஏன் இல்லியா?" என்று மருமகள் பேச்சையே திருப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை. சித்திரையில் குறைந்தது. வைகாசியில் இன்னும் குறைந்தது. ஆனி மாதம் நர்ஸ் விரலைக் குத்திவிட்டு, "நூத்தி எழுவது" என்றாள். அவர் கேட்காதது மாதிரி, "இன்னொரு தபா சொல்லும்மா" என்றார். அவள் மூன்று தடவை சொன்னாள்.

வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டுப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி போட்டு வீட்டுக்கு வந்தோம். சாயங்காலம் டீயும் நாலு பிஸ்கோத்தும் வைத்தேன். அவர் கண்ணாடியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு தட்டைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மே இது?"

"பிஸ்கோத்து."

"பச்சையா கீது!"

"முருங்கக்கீர போட்டா பச்சையா இல்லாம சேப்பாவா இருக்கும்?"

"நான் இத்தினி மாசமா மாநிறமா இருக்கும்னு நெனச்சுக்கினு இருந்தேன். இது வறட்டி மாரி கீதே! இத்தயா துன்னுக்கினு இருந்தேன்?"

எனக்கு வந்தது பார் கோபம். இந்த வறட்டிதான் உங்களுக்குக் கண்ணைக் கொடுத்தது என்று சொல்லித் தட்டை இழுத்தேன். அவர் விடவில்லை. தட்டின் அந்தப் பக்கத்தை அவர் பிடிக்க, இந்தப் பக்கத்தை நான் பிடிக்க, மருமகள் உள்ளேயிருந்து, "மாமா, குனியக் கூடாது, இழுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு!" என்று கத்தினாள்.

"சரி, குடு குடு" என்றார் அவர். "கண்ண மூடிக்கினு துன்னுடறேன்."

சொன்னபடியே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நாலையும் தின்றார்.

ஆவணி பிறந்த பிறகு படிக்கிற கண்ணாடி வந்தது. அன்று காலையில் பேப்பரைப் பிரித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். நான் சமையல்கட்டில் சுரைக்காய் துருவிக்கொண்டிருந்தேன். பிடிக்காத சேதி இரண்டு வந்தது. தாண்டிப் போகச் சொல்லவில்லை, அதையும் கேட்டேன். கடைசியில், "திருவள்ளூர் மாவட்டத்துல இன்னிக்கி மத்தியானம் மழை பெய்யுமாம்" என்று படித்தார்.

மாடியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. நான் துருவலை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய், அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். ஒரு லாரி படம் போட்டிருந்தது. சக்கரமெல்லாம் கீழேதான் இருந்தது.

மேலே போய் நெல்லை அள்ள ஆரம்பித்தேன்.